தரகர் சொல்லும் மீன் வேறு, உங்கள் மடியில் ஏறும் மீன் வேறு

கேள்வி: எங்கள் விசைப்படகு கொல்லத்துக்கு வெளியே ஆழ்கடல் இறாலுக்கு மடி (இழுவலை) இழுக்கிறது. இறாலோடு, வயிற்றில் பொட்டுப்பொட்டாக உள்ள கறுத்த சின்ன மீன் கூடைகூடையாக ஏறுகிறது, சங்காயத்தோடு (சேர்ந்து ஏறும் மட்ட மீனோடு) தள்ளிவிடுகிறோம். இந்த மீன் அரபிக்கடலில் பத்து கோடி டன் இருக்கிறது, நடுநீர் மடி (தரையைத் தொடாமல் இழுக்கும் வலை) ஏற்பாடு செய்கிறேன், மூன்று லட்சம் முன்பணம் கொடுங்கள் என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா? (கன்னியாகுமரி மாவட்ட வாசகர்)

கொடுக்காதீர்கள். உங்கள் மடியில் ஏறுவதும் விளக்கு மீன் கூட்டம்தான், ஆனால் தரகர் சொல்லும் இனம் இல்லை.

அந்தப் பத்து கோடி தரகர் கற்பனை செய்த எண் இல்லை. 1970களில் நார்வேயின் 'ஃபிரித்யோஃப் நான்சென்' ஆய்வுக் கப்பல் அரபிக்கடலின் வடக்கே எதிரொலி வைத்து மீனை அளந்தது. பின்னால் போட்ட மதிப்பீடுகளில் வந்த எண் இது. அங்கே முக்கியமாகக் கிடைத்தது ஓமான் வளைகுடாப் பக்கத்து விளக்கு மீன், பெந்தோசீமா டெரோட்டம். நீளம் ஏழு சென்டிமீட்டரைத் தாண்டாது, ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம். உங்கள் மடிக்கண்ணில் அது நிற்கவே நிற்காது. பகலில் ஆக்சிஜன் குறைந்த இருட்டு நீரில் ஒதுங்கிக் கிடக்கும். துரத்தும் பெரிய மீன்களுக்கு அங்கே மூச்சு முட்டும். பொழுது சாய்ந்ததும் இரை தேடி மேலே ஏறும். வயிற்றுப் பொட்டுகள்தான் விளக்கு. கீழிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு மீனின் நிழல் தெரியாதபடி, மேலிருந்து வரும் மங்கலான வெளிச்சத்துக்குச் சமமாக அவை ஒளிரும்.

தரகர்கள் இன்னொரு வித்தை வைத்திருக்கிறார்கள். எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி எதிரொலியால் ஆழம் காட்டும் கருவி) திரையில் தடித்த பட்டை ஒன்றைக் காட்டி, 'பாருங்க, எவ்வளவு மீன்' என்பார்கள். இந்த மீன்களின் வயிற்றில் காற்றுப்பை உண்டு. சதையைவிட அந்தக் காற்றுதான் ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படைக்காரர்களையே ஏமாற்றிய பட்டை இது. அவர்களுக்குக் கடலின் தரைபோலத் தெரிந்தது. பட்டை தடித்திருப்பதை வைத்து மீனை எடை போட முடியாது. 'விளக்குப் போட்டு மேலே வரவழைக்கலாம்' என்றும் ஒருவர் வருவார். நம் கடலில் எல்இடி விளக்கு மீன்பிடிப்புக்கு 2017 முதல் தடை இருக்கிறது.

சரி, தரைமடியில் எப்படி ஏறுகிறது என்று கேட்பீர்கள். விளக்கு மீனில் சுமார் 250 இனம், பெரும்பாலானவை நடுநீரில் திரிபவை. விதிவிலக்காகச் சில இனங்கள் கண்டத்திட்டு சரிகிற சரிவை விட்டு விலகாது. பகலில் தரையை ஒட்டியே கிடக்கும். நூறு, இருநூறு பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில் நீங்கள் இறாலுக்கு இழுக்கிற இடமும் அதுதான். கொல்லம் பக்கத்து இறால் மடிகளில் அதிகம் ஏறுவதாக ஆய்வாளர்கள் பதிந்திருக்கும் டையாஃபஸ் வாட்டசே இந்த வகை. அடுத்த முறை மடி கொட்டும்போது செதில் உதிராத ஒன்றைப் பொறுக்கி எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பாருங்கள். நடுவிரலைவிட நீளமாக, கண்ணுக்கு முன்னால் மூக்கோரம் வெளிறிய திட்டு இருந்தால் டையாஃபஸ் கூட்டம். லாரியின் முன்விளக்கு போல அதற்கு அங்கே தனி விளக்கு. ஓமான் மீனுக்கு அந்த அளவு வளர்த்தியே கிடையாது. ஆக, இந்தச் சரிவு மீனுக்கும் பத்து கோடிக்கும் சம்பந்தமில்லை. இது நடுநீரில் பரந்து கிடப்பதில்லை, சரிவோரத்துப் பட்டையில் இருப்பதோடு சரி. நடுநீர் மடி வாங்கி வெறும் தண்ணீரைத்தான் இழுப்பீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் வேறொரு விளக்கு மீனை 1973இல் 42,000 டன்னுக்கு மேல் பிடித்தார்கள். எண்ணெய் மிகுந்த மீனை மீன்மாவு ஆலைகளால் சமாளிக்க முடியவில்லை. எண்பதுகளின் நடுவில் அந்தத் தொழிலே நின்றுபோனது. தரகர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

எனக்கு அவரைவிடக் கோபம் நம் பதிவேடுகள் மேல்தான். துறைமுகத்தில் கணக்கு எடுக்கிறவரிடம் இந்த மீனைக் காட்டினேன். 'இதர மீன்கள்' பத்தியில் எழுதிவிட்டுப் போனார். தனியாக எழுதுங்கள் என்றேன். படிவத்தில் இடம் இல்லையாம்! இப்படி இருந்தால் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் மறுக்க நம் கையில் கணக்கு ஏது?

தரகர் மறுபடி வந்தால், இந்த மீனை வாங்கும் மீன்மாவு ஆலை எது, கிலோவுக்கு என்ன விலை என்று ஆலையின் கையெழுத்தோடு எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள். இதற்கிடையில் ஏறுகிற மீனில் இரண்டு பெட்டியைத் தனியாக ஐஸ் போட்டுக் கொண்டுவந்து, ஆலையில் நீங்களே நேரில் விலை கேளுங்கள். ஐஸ் தாமதித்தால் கரைக்கு வருவதற்குள் வயிறு வெடித்துக் கூழாகிவிடும்.