கேள்வி-பதில்: கணையப் புற்றுநோய்க்குச் சீன மூலிகை வாங்கலாமா?

கே: அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். சீன மூலிகைக் கேப்சூல் ஒன்றில் 'குர்குமின் (மஞ்சளில் உள்ள பொருள்) கட்டியைக் கரைக்கும், ஆய்வில் நிரூபணம்' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?
- வாசகி, ஈப்போ

ப: 'ஆய்வில் நிரூபணம்' என்ற வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் செய்த ஆய்வு? பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள், மிஞ்சிப்போனால் எலிகள். தட்டில் இருக்கும் செல் பிளீச் ஊற்றினாலும்தான் சாகும். அமெரிக்காவின் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கணையப் புற்றுநோயாளிகளுக்கே தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வந்த முடிவில், கணக்கில் எடுத்த 21 பேரில் இருவரிடம்தான் ஏதோ பலன் தெரிந்தது. விழுங்கியதில் ரத்தத்தில் சேர்ந்ததும் சொற்பம். மூட்டுவலிக்கு நான் வாங்கிய டப்பாவிலும் இதே வரிதான். வலி அப்படியே இருக்கிறது, 180 ரிங்கிட்தான் போனது.

செடியிலிருந்து மருந்தே வராது என்று சொல்லவில்லை. சீனத்துச் சி ஷு மரத்தில் கிடைத்த கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பற்றி 1966-இல் அறிவித்தார்கள். முதலில் கொடுத்துப் பார்த்தபோது பக்கவிளைவு தாங்கவில்லை. பிறகு அதை மாற்றியமைத்ததில் வந்ததுதான் இரினோடிகான் என்ற புற்றுநோய் மருந்து. அப்பாவின் கீமோவிலேயே அது இருக்கலாம், டாக்டரைக் கேளுங்கள்.

கே: லேய் கோங் தெங் என்ற சீனக் கொடியின் வேரை வாங்கி வீட்டில் கஷாயம் வைக்கலாமா?
- கிள்ளான்

ப: கூடாது. கல்லீரல், சிறுநீரகம் இரண்டையும் கெடுக்கும்.

கே: வாட்ஸ்அப்பில் 2,400 ரிங்கிட்டுக்கு மூலிகைத் தூள் வாங்கினேன். ரசீது இல்லை, பெட்டியையும் வீசிவிட்டேன். பணம் திரும்புமா?
- சிரம்பான்

ப: பெட்டியை ஏன் சார் வீசினீர்கள்? எம்.ஏ.எல். எண்ணையும் (மலேசிய மருந்துப் பதிவு எண்) ஹோலோகிராம் ஒட்டியையும் பார்த்து வாங்குங்கள் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அந்த எண் T எழுத்தில் முடிந்தால் மரபு மருந்தாகப் பதிவானது என்று அர்த்தம், புற்றுநோயைத் தீர்க்கும் என்றல்ல. பணம் கட்டியதற்குச் சான்றாக வங்கிப் பதிவையாவது தேடி எடுங்கள், அதை வைத்துக் கீழே சொல்லும் தீர்ப்பாயத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கே: கீமோவை நிறுத்தினால்தான் எங்கள் மருந்து கேட்கும் என்றார் விற்றவர். அம்மா இரண்டு தவணை போகவில்லை. என் தப்பா?
- பினாங்கு

ப: உங்கள் தப்பு இல்லை, தங்கச்சி. பயந்துபோனவர்களிடம்தான் இவர்கள் கடை விரிப்பார்கள். முதலில் அம்மாவை அந்த டப்பாவோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள், சாப்பிட்டதை மறைக்க வேண்டாம். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை மலேசியாவின் 1956 மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள். அப்புறம் பயனீட்டாளர் தீர்ப்பாயம்: 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட். விற்றவர் அனுப்பிய குரல் பதிவுகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.