ரௌட்டிங் புரோட்டோகால் ஓடாத சுவிட்சை அடுத்த சப்நெட்டிலிருந்து எட்டுவது எப்படி?

கேள்வி: எங்களிடம் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 ஒன்றும் 3560 ஒன்றும் இருக்கின்றன. ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி போன்ற ரௌட்டிங் புரோட்டோகால் (ரௌட்டர்கள் வழிகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் முறை) எதுவும் ஓட்டவில்லை. அதே வீலானில் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) உள்ள கணினியிலிருந்து இரண்டு சுவிட்சுக்கும் பிங் போகிறது. வேறு சப்நெட்டிலிருந்து (வேறு ஐபி முகவரிப் பிரிவு) போகவில்லை. பயனர்களுக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. 3560-இல் ‘ஐபி டீஃபால்ட்-கேட்வே’ (வேறு சப்நெட்டுக்குப் போக வாசலாகும் ரௌட்டரின் முகவரி) கொடுத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பயனர்களின் டிராஃபிக் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) பார்த்து லேயர் 2-இலேயே கடந்துவிடுகிறது. அதற்கு சுவிட்சுக்கு ஐபி முகவரிகூடத் தேவையில்லை. சிக்கல் சுவிட்ச் தானே அனுப்பும் பாக்கெட்டுகளில்தான்: பிங் பதில், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழைவது), சிஸ்லாக் (பதிவுகளை அனுப்புவது), என்டிபி (நேரத்தைச் சரிசெய்வது). உங்கள் பிங் பெரும்பாலும் சுவிட்ச் வரை வந்து சேர்கிறது. பதில் போக வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் பெட்டியில் ஐபி ரௌட்டிங் ஓடுகிறதா, இல்லையா? ‘ஷோ ஐபி ரௌட்’ அடியுங்கள். ‘டீஃபால்ட் கேட்வே ஈஸ்...’ என்று தொடங்கி, கீழே ‘ஐசிஎம்பி ரீடைரக்ட் கேஷ்’ பற்றி ஒரு வரி வந்தால் ரௌட்டிங் அணைந்திருக்கிறது. ‘கேட்வே ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்...’ என்று வந்தால் ஓடுகிறது.

அணைந்திருந்தால் (உங்கள் 2960 அநேகமாக இப்படித்தான் இருக்கும்) சுவிட்சும் ஒரு சாதாரண கணினி போல்தான் நடந்துகொள்ளும். மேலாண்மை வீலான் 10 என்று வையுங்கள்:

இன்டர்ஃபேஸ் வீலான் 10
ஐபி அட்ரஸ் 192.168.10.2 255.255.255.0
நோ ஷட்டவுன்
எக்ஸிட்
ஐபி டீஃபால்ட்-கேட்வே 192.168.10.1

கேட்வே அதே சப்நெட்டில் இருக்க வேண்டும். ‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்’ பாருங்கள். வீலான் 10-க்கு நேரே ‘அப், டவுன்’ என்று இருந்தால் கேட்வேயைக் குறை சொல்லிப் பயனில்லை. வீலான் 10 உருவாக்கப்படவில்லை, அல்லது உயிரோடிருக்கும் எந்த போர்ட்டும் ட்ரங்க்கும் (பல வீலான்களைச் சுமக்கும் இணைப்பு) அதைச் சுமக்கவில்லை. ட்ரங்க்கின் அனுமதிப் பட்டியலில் 10-ஐச் சேர்க்க மறப்பது அன்றாடம் நடப்பது.

கேட்வே கொடுக்காத சுவிட்சும் சில இடங்களில் எட்டும். காரணம் ப்ராக்ஸி ஆர்ப். ஆர்ப் என்பது ஓர் ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்டறிவது; அந்தக் கேள்விக்கு வேறொருவருக்காக ரௌட்டர் பதில் சொன்னால் ப்ராக்ஸி ஆர்ப். கேட்வே தெரியாத சுவிட்ச், எந்த முகவரிக்கும் நேரடியாக ஆர்ப் கேட்கும். சிஸ்கோ ரௌட்டரில் ப்ராக்ஸி ஆர்ப் இயல்பாகவே இயங்குவதால் அது தன் மேக் முகவரியைக் கொடுத்துச் சமாளித்துவிடும். ‘ஷோ ஐபி ஆர்ப்’ அடித்தால் வெவ்வேறு சப்நெட் முகவரிகளுக்கு ஒரே மேக் நிற்பது கண்ணில் படும். அந்த ரௌட்டரை எடுத்துவிட்டு ப்ராக்ஸி ஆர்ப் இல்லாத ஃபயர்வால் வைத்த அன்று ‘சுவிட்ச் போச்சு’ என்று அழைப்பு வரும். ஐஆர்டிபி (ரௌட்டர் தன்னையே அறிவித்துக்கொள்ளும் முறை) என்று இன்னொரு வழியும் உண்டு; நடைமுறையில் யாரும் வைப்பதில்லை.

இனி 3560. ஐபி ரௌட்டிங்கை இயக்கினால் ‘ஐபி டீஃபால்ட்-கேட்வே’ மதிக்கப்படாது. கான்ஃபிகரேஷனில் அந்த வரி மட்டும் அப்படியே இருக்கும், அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. அங்கே வேண்டியது ஸ்டாட்டிக் ரௌட் (கையால் எழுதிக் கொடுக்கும் வழி):

ஐபி ரௌட்டிங்
ஐபி ரௌட் 0.0.0.0 0.0.0.0 192.168.10.1

இதைத் தொலைவிலிருந்து செய்வதில் ஆபத்து உண்டு. அடுத்த சப்நெட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியே நுழைந்து முதல் வரியை அடித்ததும் பழைய கேட்வே செல்லாமல் போய் உங்கள் இணைப்பே அறுந்துவிடும். கன்சோல் கேபிள் உத்தமம்; அல்லது அதே வீலானில் உள்ள கணினியிலிருந்து நுழையுங்கள். இரண்டும் முடியாவிட்டால், இருக்கும் கான்ஃபிகரேஷனைச் சேமித்துவிட்டு ‘ரீலோட் இன் 10’ கொடுத்த பிறகு தொடங்குங்கள். வெட்டுப்பட்டால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியென்றால் ‘ரீலோட் கேன்சல்’, அதன் பிறகே சேமிப்பு.

2960-இலும் ஸ்டாட்டிக் ரௌட் வேண்டுமென்றால் லேன் பேஸ் பதிப்பில் ஐஓஎஸ் 12.2(55)எஸ்இ முதல் முடியும். ‘எஸ்டிஎம் ப்ரிஃபர் லேன்பேஸ்-ரௌட்டிங்’ கொடுத்து ரீலோட் செய்ய வேண்டும். 16 ரௌட்டுகள் வரைதான். வெறும் மேலாண்மைக்காக இவ்வளவு தூரம் போக வேண்டாம், டீஃபால்ட்-கேட்வே போதும்.

ஸ்டாட்டிக் ரௌட்டில் நெக்ஸ்ட் ஹாப்பாக (பாக்கெட்டை அடுத்து வாங்கும் ரௌட்டர்) ஐபி முகவரியையே கொடுங்கள். ‘ஐபி ரௌட் 0.0.0.0 0.0.0.0 வீலான் 10’ என்று இன்டர்ஃபேஸை மட்டும் கொடுத்தால், போகும் ஒவ்வொரு முகவரிக்கும் சுவிட்ச் ஆர்ப் கேட்கும். ஆர்ப் டேபிள் வீங்கும், மறுபடியும் ப்ராக்ஸி ஆர்ப்பின் தயவில்தான் நிற்பீர்கள்.

பயனர் வீலான்களுக்கும் 3560-ஐயே கேட்வேயாக்கப் போகிறீர்கள் என்றால் திரும்பும் வழியையும் பாருங்கள். சுவிட்சுக்குப் பின்னால் 192.168.20.0, 192.168.21.0 ஆகிய /24-கள். ரௌட்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவே வீலான் 99, 10.0.99.0/30, ரௌட்டர் .1, சுவிட்ச் .2 என்று கொள்வோம். சுவிட்சின் டீஃபால்ட் ரௌட் இப்போது 10.0.99.1 பக்கம் திரும்ப வேண்டும். ரௌட்டரில்:

ஐபி ரௌட் 192.168.16.0 255.255.240.0 10.0.99.2

இது இல்லாவிட்டால் பாக்கெட் போகும், பதில் வராது. நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) செய்யும் பெட்டியின் அனுமதிப் பட்டியலிலும் இந்த சப்நெட்டுகள் இருக்க வேண்டும்.

192.168.16.0 முதல் 192.168.31.255 வரை ஒரே வரியில் அடக்கும் இந்த /20 சுருக்கத்திலும் ஒரு வினை இருக்கிறது. யாராவது இல்லாத 192.168.25.5-ஐத் தேடினால் ரௌட்டர் அதைச் சுவிட்சுக்குத் தள்ளும். சுவிட்சில் அந்த சப்நெட் இல்லாததால் டீஃபால்ட் ரௌட் வழியே ரௌட்டருக்கே திருப்பும். டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரௌட்டரைக் கடக்கலாம் என்ற எண்ணிக்கை) தீரும் வரை பந்தாட்டம்தான்; டிரேஸ்ரௌட்டில் 10.0.99.1, 10.0.99.2 மாறி மாறி வரும். வீலான் 20-இன் கடைசி போர்ட்டும் அணைந்து அதன் கனெக்டட் ரௌட் மறைந்தாலும் இதே கதை. மருந்து சுவிட்சில் ஒரே வரி (நல்0 என்பது வரும் பாக்கெட்டைக் கைவிடும் போலி இன்டர்ஃபேஸ்):

ஐபி ரௌட் 192.168.16.0 255.255.240.0 நல்0

இயங்கும் வீலான்களின் /24 இதைவிடக் குறிப்பானது என்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை.

ஸ்டாட்டிக் ரௌட்டுக்கு நெக்ஸ்ட் ஹாப் செத்தது தெரியாது. வீலான் இன்டர்ஃபேஸ் அப்பில் இருக்கும் வரை ரௌட்டும் டேபிளில் நிற்கும். இரண்டு ரௌட்டர் இருந்தால் எச்எஸ்ஆர்பி அல்லது விஆர்ஆர்பியின் (இரண்டு ரௌட்டர் ஒரே முகவரியைப் பகிரும் முறைகள்) விர்ச்சுவல் முகவரியை நெக்ஸ்ட் ஹாப்பாகக் கொடுப்பதே எளிது. அட்மினிஸ்ட்ரேட்டிவ் தூரம் (குறைந்த எண் உள்ள ரௌட்டுக்கே முன்னுரிமை) 250 வைத்து இரண்டாவது டீஃபால்ட் ரௌட் போடலாம், ஆனால் இன்டர்ஃபேஸ் விழாமல் அது மேலே வராது. ஐபி எஸ்எல்ஏ டிராக்கிங்கும் (நெக்ஸ்ட் ஹாப் உயிரோடிருக்கிறதா என்று அவ்வப்போது சோதிப்பது) சேர்த்தால்தான் உதவும். கேட்வே பெட்டியை மாற்றிய பிறகு சுவிட்ச் மட்டும் எட்டவில்லையென்றால் ‘கிளியர் ஆர்ப்-கேஷ்’ அடித்துப் பாருங்கள். சிஸ்கோவில் ஆர்ப் பதிவின் ஆயுள் இயல்பாக 4 மணி நேரம்.