'டிக்ளைன்' என்றால் சரிவா, மறுப்பா?

பங்குச் சந்தைச் செய்தியில் 'சரிவு' என்று பொருள்படும் 'டிக்ளைன்', அழைப்புக்கு எழுதும் பதிலில் மட்டும் எப்படி 'மறுப்பு' ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. சாய்தல், வளைதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. 'இன்க்ளைன்', 'ரிக்ளைன்' ஆகியவையும் அதே குடும்பம்தான். கீழே சாய்ந்தால் சரிவு. நீட்டியதை வாங்காமல் அப்பால் சாய்ந்து ஒதுங்கினால் மறுப்பு. நாம் 'பொழுது சாய்ந்தது' என்பதைப் போலவே, ஆங்கிலத்திலும் மாலைச் சூரியனுக்கு இந்த வினை வழங்கியதுண்டு.

எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைப் பெரும்பாலும் இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடும். குறைதல் என்ற பொருளில் இது செயப்படுபொருள் குன்றிய வினை: விற்பனை தானே 'டிக்ளைன்' ஆகும், அதை ஒருவர் 'டிக்ளைன்' செய்ய முடியாது. செயப்படுபொருளோ 'டு' என்று தொடங்கும் வினையோ பின்னால் வந்தால் அது மறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான், விலையைக் குறைத்துவிட்டோம் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு வாடிக்கையாளருக்கு "வீ ஹேவ் டிக்ளைன்ட் தி பிரைஸ்" என்று எழுதினேன். தாம் கேட்ட விலைக்கு நாங்கள் ஒப்பவில்லை என்று புரிந்துகொண்ட அவர், வேறிடம் பார்த்துக்கொள்வதாகப் பதில் அனுப்பிவிட்டார். 'ரெட்யூஸ்ட்' என்று எழுதியிருக்க வேண்டிய இடம் அது.

பெயர்ச்சொல்லாக வரும்போது அநேகமாகச் சரிவு அல்லது நலிவுதான். அதுவும் மெல்ல நிகழ்வது. திடீரென்று விழுந்தால் 'டிராப்' பொருத்தம். எட்வர்ட் கிப்பன் 1776-இல் வெளியிடத் தொடங்கிய உரோமப் பேரரசு வரலாற்றின் தலைப்பில் 'டிக்ளைன்', 'ஃபால்' இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. நலிவு வேறு, வீழ்ச்சி வேறு.

மறுக்கும்போது இச்சொல்லில் ஒரு பணிவு உண்டு. 'ரெஃப்யூஸ்' முகத்திலடித்தாற்போல் இருக்கும். 'டிக்ளைன்' ஏறத்தாழ 'ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன்' என்பதற்குச் சமம். (கடன் அட்டையை இயந்திரம் 'டிக்ளைன்' செய்யும்போது அந்தப் பணிவையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.) குற்றச்சாட்டை உண்மையில்லை என்று மறுப்பதற்கு 'டினை' என்ற வேறு சொல் இருக்கிறது. ஆகவே 'டிக்ளைன்ட் டு காமென்ட்' என்பதை வெறுமனே 'மறுத்தார்' என்று தமிழாக்கினால் பொருளே மாறிவிடும். 'கருத்துக் கூற விரும்பவில்லை' என்பதே சரி.