சாணை அக்கா பதில்கள்: பனிக்கட்டி மேல் ஓட எவ்வளவு ரேண்ட்?

தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஒரு ஐஸ் ரிங்க்கின் (பனித்தள அரங்கின்) பின்கட்டில் வாடகை ஸ்கேட்டுகளையும் சாணைக் கற்களையும் கவனித்துக்கொள்ளும் நம் அக்கா, குளிர்கால விளையாட்டு பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறார்.

*

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. அமன்சிம்டோட்டி கேலரியா மால் ரிங்க்கில் வாடகை ஸ்கேட் போட்டு நன்றாக ஓடப் பழகிவிட்டான். இப்போது நீள பிளேடு வைத்த ஸ்பீட் ஸ்கேட்தான் வேண்டும் என்று ஒரே அடம். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வாங்கிக் கொடுக்கலாமா அக்கா?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: தங்கச்சி, பர்ஸைத் திறக்கும் முன் ரிங்க் மேலாளரிடம் போய் ஒன்று கேள்: "இதைப் போட்டுக்கொண்டு என் பையன் எந்த நேரத்தில் ஓடலாம்?" பொதுமக்கள் ஓடும் நேரத்தில் ஸ்பீட் பிளேடுக்குப் பெரும்பாலான ரிங்க்குகள் இடம் தருவதில்லை. 40 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பிளேடு, விழுந்து எழும் குழந்தைகளுக்கு நடுவே போனால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். நேரம் இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டால் அந்த ஸ்கேட் உன் வீட்டு அலமாரியில்தான் ஓடும்.

நேரம் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள். பனியில் வேக ஓட்டம் இரண்டு வகை. லாங் ட்ராக்குக்கு 400 மீட்டர் நீள்வட்டம் வேண்டும், அது நம் நாட்டில் இல்லை. ஷார்ட் ட்ராக் 111.12 மீட்டர் சுற்று. 60-க்கு 30 மீட்டர் ஐஸ் ஹாக்கி தளத்திலேயே அடங்கிவிடும். நம் பிள்ளைகளுக்கு அமைந்தது அதுதான். ஆகவே இணையத்தில் "கிளாப் ஸ்கேட்" மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் தொடாதே. குதிகாலில் பிளேடு விடுபட்டுத் தட்டும் அந்த அமைப்பு லாங் ட்ராக்குக்கு உரியது, ஷார்ட் ட்ராக்கில் அதற்கு அனுமதி கிடையாது.

விலை? தொடக்கக்காரர்களுக்கான பூட்டும் பிளேடும் சேர்ந்த ஜோடி வெளிநாட்டில் ஏறக்குறைய 300 முதல் 600 டாலர். காலை அச்செடுத்துச் செய்யும் கார்பன் பூட் என்றால் பூட்டுக்கு மட்டுமே 1,000 டாலரைத் தாண்டும். அதோடு முடிந்ததா? கப்பலோ விமானமோ, அந்தக் கூலி தனி. இங்கே சுங்கத்தில் பொருளின் மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, அந்தத் தொகைக்கு 15 சதவீதம் வாட் போடுவார்கள். 500 டாலர் பொருளுக்கு வாட் மட்டும் 82 டாலர் ஐம்பது சென்ட். தீர்வை இருந்தால் அது வேறு. வளரும் பிள்ளையின் கால் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்காது, அடுத்த வருஷமே பூட் பத்தாது.

அதனால் பழைய ஜோடி தேடு. வாங்கும்போது பிளேடைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார். ஷார்ட் ட்ராக்கில் எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புவதால் பிளேடு பூட்டின் நடுவில் இருக்காது, இடதுபுறம் தள்ளிப் பொருத்தியிருக்கும். லேசாக வாழைப்பழம் போல இடப்பக்கம் வளைந்தும் இருக்கும். அதைப் பார்த்து "வளைந்துபோன சரக்கு" என்று திருப்பி அனுப்பிவிடாதே! துரு ஆழமாக இறங்கியிருக்கிறதா, பூட்டுக்கு அடியில் போல்ட் பிடிக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, இவை இரண்டையும்தான் பார்க்க வேண்டும். பூட் காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும், மெல்லிய சாக்ஸ் போதும். "வளருவான்" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கித் தடித்த சாக்ஸ் திணிக்கும் நம் வழக்கம் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குச் சரி. இங்கே கணுக்கால் ஆடும், பையன் திரும்பவே பயப்படுவான்.

*

கேள்வி: என் சித்தப்பா மகன் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். கிரைண்டரில் ஸ்பீட் ஸ்கேட் பிளேடைத் தீட்டிக் கொடுக்கிறேன் என்கிறான். கொடுக்கலாமா? ரிங்க்கில் மெஷின் இருக்கிறது, அங்கேயே போடலாமா?
— ஒரு வாசகர், மெரிபேங்க்

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி, இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ரிங்க் மெஷின் ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டுக்கும், பனி நடனத்துக்கான ஃபிகர் ஸ்கேட்டுக்கும் உரியது. அந்த பிளேடுகளின் அடியில் நடுவே ஒரு பள்ளம் ஓடும், மெஷின் அந்தப் பள்ளத்தைத்தான் வெட்டும். ஸ்பீட் பிளேடின் அடி தட்டை. ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான் தடிமன், இரண்டு ஓரமும் 90 பாகையில் நிற்க வேண்டும். அதில் மெஷினை வைத்தால் ஒரே இழுப்பில் பிளேடு போச்சு. கிரைண்டர் இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியாமல் பிளேடின் அடி முன்னிருந்து பின்னாக ஒரு பெரிய வட்டத்தின் துண்டாக வளைந்திருக்கும். ஷார்ட் ட்ராக்கில் அந்த வட்டத்தின் ஆரம் 8 முதல் 11 மீட்டர் வரை, லாங் ட்ராக்கில் 20 மீட்டருக்கும் மேல். அந்த வளைவில்தான் திரும்பும் சுகமே இருக்கிறது. கிரைண்டர் ஒரு இடத்தில் அரை நொடி கூட நின்றாலும் வளைவில் பள்ளம் விழுந்துவிடும்.

கையால்தான் தீட்ட வேண்டும். ஜிக் என்று ஒரு சட்டம் விற்கிறது, அது இல்லாமல் ஸ்பீட் ஸ்கேட் வாங்குவதில் அர்த்தமே இல்லை. இரண்டு ஸ்கேட்டையும் தலைகீழாக அதில் மாட்டி, இரண்டு பிளேடும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி இறுக்கு. அகலமான சாணைக்கல்லை இரண்டு பிளேடின் மேலும் ஒன்றாகப் படியவைத்து, மூலைவாட்டமாக, முனையிலிருந்து முனைவரை இழு. கல்லின் எடையே போதும், அழுத்தாதே. முதலில் சொரசொரப்புக் கல், பிறகு நைசு. ஓரத்தில் விரலை மெல்ல வைத்தால் பிசிறு எழுந்திருப்பது தெரியும். பிசிறு இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கும் எழுந்தால்தான் கல் முழுசாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு சின்னக் கல்லைப் பிளேடின் பக்கவாட்டில் தட்டையாகப் படியவைத்து அந்தப் பிசிறை எடு. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கல் கொஞ்சம் சாய்ந்தாலும் இவ்வளவு நேரம் உண்டாக்கிய கூர் மழுங்கிப் போகும். கடைசியில் நகத்தை ஓரத்தின் குறுக்கே இழுத்துப் பார், மாவு மாதிரி நகத்தூள் வந்தால் சரி.

எங்கள் ரிங்க்குக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சாணை பிடித்துக் கொடுப்பதில்லை, கற்றுக்கொடுக்கிறேன். "அக்கா, நீங்களே செய்துடுங்க" என்று கெஞ்சுவார்கள். போட்டிக்குப் போன ஊரில் அக்காவா வருவாள்?

ஓடி முடித்ததும் துணியால் ஈரத்தை ஒட்டத் துடை. நடக்கும்போது போடும் பிளாஸ்டிக் உறை நடக்க மட்டும்தான். அதற்குள்ளேயே பிளேடை வைத்துவிட்டால், டர்பன் ஈரக்காற்றுக்கு அடுத்த வாரமே துரு. வீட்டில் துணி உறை போடு.

*

கேள்வி: பேரனுக்கு இந்த விளையாட்டில் ஆசை. கத்தியைக் காலில் கட்டிக்கொண்டு கூட்டமாக ஓடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.
— ஒரு தாத்தா, லெனேசியா

பதில்: தாத்தா, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஷார்ட் ட்ராக் வீரர் ஸ்டீவன் பிராட்பரிக்கு 1994-இல் மொன்றியால் உலகக் கோப்பையில் இன்னொருவர் பிளேடு தொடையில் பாய்ந்தது. நாலு லிட்டர் ரத்தம் போயிற்று, 111 தையல். அதே மனிதர் 2002-இல் சால்ட் லேக் சிட்டியில் 1,000 மீட்டர் தங்கம் வாங்கினார். முன்னால் ஓடியவர்கள் எல்லாம் கடைசித் திருப்பத்தில் சரிய, பின்னால் வந்தவர் நிமிர்ந்தபடி கோட்டைத் தாண்டினார். தென்கோளத்துக்குக் குளிர்கால ஒலிம்பிக்கில் அதுதான் முதல் தங்கம். அவர் பிரிஸ்பேன் பக்கம் பயின்றவர், டர்பன் மாதிரியே வெயில் ஊர்!

ஆகவே காசைப் பிளேடில் கொட்டுவதற்கு முன் பாதுகாப்பில் போடுங்கள். ஹெல்மெட், கழுத்துக் கவசம், வெட்டுத் தாங்கும் கையுறை, முழங்கால் கவசம், முன்காலுக்குத் தடுப்பு, கண்ணைக் காக்கும் கண்ணாடி. உடைக்குள் கெவ்லர், டைனீமா போன்ற வெட்டுப்படாத இழை இருக்க வேண்டும். இதில் எதையும் "அடுத்த மாதம்" என்று தள்ளாதீர்கள். இன்னொன்று, ரிங்க் சுவரைப் பாருங்கள். வேக ஓட்டத்துக்குச் சுவரைச் சுற்றித் தடித்த மெத்தை வேண்டும். வெறும் பலகைச் சுவர் என்றால் பேரன் நுட்பம் பழகட்டும், முழு வேகம் வேண்டாம்.

*

கேள்வி: வயது 19. டர்பன் கடற்கரைப் பாதையில் தினமும் இன்லைன் ஸ்கேட்டில் (ஒரே வரிசையில் சக்கரம் வைத்தது) போகிறேன். குளிர்கால ஒலிம்பிக் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
— ஒரு தம்பி, ஃபீனிக்ஸ்

பதில்: சிரிக்கிறவர்களிடம் எரின் ஜாக்சன் பெயரைச் சொல். ஃபுளோரிடாக்காரி, இன்லைனில் வளர்ந்தவள். பனியில் ஏறிச் சில மாதங்களிலேயே 2018 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றாள், 2022 பெய்ஜிங்கில் 500 மீட்டர் தங்கம். சக்கரத்தில் பழகிய உதைப்பு பனியிலும் கைகொடுக்கும்.

உனக்கு முன்னால் வழியும் இருக்கிறது. 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காக ஷார்ட் ட்ராக் ஓடினார் சிண்டி மேயர். ஆனால் சர்வதேசத் தகுதி மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் சிவே ஸ்பீல்மன் என்ற பனிச்சறுக்கு வீரருக்கு இடம் கிடைத்தும் நம் ஒலிம்பிக் குழு அவரை அனுப்பவில்லை. எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

பயிற்சிக்கு வருவோம். உஷாகா முதல் புளூ லகூன் வரை அந்தப் பாதை ஏறத்தாழ 8 கிலோமீட்டர், விடியலில் ஆள் இல்லாத நேரம் போ. எதிர்காற்றில் குனிந்தே ஓடு, நிமிர்ந்தால் பழக்கம் கெடும். நிலத்தில் செய்ய வேண்டியது முழங்காலை மடக்கித் தாழ்ந்த நிலையிலேயே பக்கவாட்டில் நடப்பதும் தாவுவதும். வீட்டில் வழுக்குப் பலகை செய்துகொள். வழவழப்பான மெலமைன் பலகை ஒன்று, இரண்டு மீட்டருக்குக் குறையாமல், இரு முனையிலும் கட்டை. சப்பாத்துக்கு மேல் கம்பளி சாக்ஸ் இழுத்துவிட்டுப் பக்கத்துக்குப் பக்கம் சறுக்க வேண்டியதுதான். தச்சனுக்குக் கொடுக்கும் கூலி ஒரு பிளேடு விலையில் சின்னப் பங்குதான். திருப்பத்துக்கு ஒரு அகலப் பட்டை: இடுப்பில் மாட்டி நண்பன் ஒரு பக்கம் இழுக்க, நீ மறுபக்கம் சாய்ந்து காலை மாற்றிப் போடு. சிரித்த நண்பனையே இழுக்கச் சொல்.

மிச்சமாகும் ரேண்ட் முழுவதையும் பனி நேரத்துக்கு வை. வெளிநாட்டு முகாமுக்கு ஒரு முறை போக முடிந்தால் அதற்கும் சேர்த்து வை. கார்பன் பூட் அதற்குப் பிறகு.

*

கேள்வி: ஐஸில் ஓடினால் நெஞ்சுச் சளி வராதா?
— ஒரு ஆயா, டோங்காட்

பதில்: ஆயா, சளி கிருமியால் வருவது. ஆனால் குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக இழுத்தால் சிலருக்கு மூச்சுக்குழல் இறுகும், இருமலும் வீசிங்கும் வரும். அப்படி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், நிறைய வீரர்கள் இன்ஹேலரோடுதான் ஓடுகிறார்கள். கஷாயம் கொடுப்பதை நான் தடுக்கவில்லை.

*

கேள்வி: ஜூலை விடுமுறையில் பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்கு அழைத்துப்போக வேண்டும். ஸ்விட்சர்லாந்து போகக் காசில்லை.
— ஒரு குடும்பம், வெருலம்

பதில்: பக்கத்து நாடான லெசோத்தோவில் ஆஃப்ரிஸ்கி என்ற பனிச்சறுக்கு இடம் இருக்கிறது, மலூட்டி மலையில் 3,050 மீட்டர் உயரம். இயற்கைப் பனி போதாத நாட்களில் இயந்திரத்தால் பனி தூவுவார்கள். ஸ்கீ, பூட், கம்பு எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், எதையும் வாங்க வேண்டாம். எல்லை தாண்டுவதால் எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். மலைப்பாதையில் உறைபனி இருக்கும், டயரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் நாள் முழுக்கப் பயிற்றுநரிடம் விட்டுவிடுங்கள், அப்பாமார் யாரும் தாங்களே கற்றுக்கொடுக்க இறங்க வேண்டாம். கையுறை மட்டும் தண்ணீர் புகாததாகச் சொந்தமாக வாங்குங்கள். கம்பளிக் கையுறை அரை மணியில் நனைந்துவிடும்.