காதல் முறிந்த நேரத்தில் ரூபி கவுரின் 'மில்க் அண்ட் ஹனி' படிக்கலாமா?

காதல் முறிந்து இரண்டு மாதம் ஆகிறது, எல்லோரும் இந்தக் கவிதைத் தொகுப்பைச் சொல்கிறார்கள், படித்தால் வலி கூடுமா குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படியுங்கள். ஆனால் ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

எனக்குக் காரைக்குடி. நான்கு வருடம் பழகியவர் வேலைக்குச் சிங்கப்பூர் போனார். தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றானது. அப்புறம் 'இனி சரிவராது' என்று ஒரு செய்தி வந்தது, அதோடு சரி. தோழி இந்தப் புத்தகத்தைக் கூரியரில் அனுப்பினாள். வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவுத் தூணில் சாய்ந்தபடி ஒரே மதியத்தில் படித்து முடித்தேன். சின்னச் சின்னக் கவிதைகள், சிலது மூன்று நான்கு வரிதான். நடுநடுவே ரூபி கவுரே வரைந்த கோட்டுப் படங்கள். முடித்ததும் ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது.

புத்தகம் நான்கு பகுதியாக இருக்கும்: காயம், காதல், முறிவு, ஆறுதல். கடைசிப் பகுதிக்குள் அவர் தேறி எழுந்துவிடுகிறார். நான் மூன்றாம் பகுதியிலேயே கிடந்தேன். மற்றவள் எழுந்துவிட்டாளே, நமக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று அன்று இரவு முழுக்க அழுதேன். பிறகு புரிந்தது, துக்கம் அந்த வரிசையில் நடப்பதில்லை. ஒரு நாள் நான்காம் பகுதியில் இருப்போம், மறுநாள் ஒரு பழைய போட்டோவைப் பார்த்ததும் மூன்றாவதுக்குத் திரும்பிவிடுவோம். அதனால் இப்போதெல்லாம் அன்றைக்கு மனம் எந்தப் பகுதியில் இருக்கிறதோ அதைத் திறந்து இரண்டு கவிதை படிக்கிறேன்.

ரூபி கவுர் பஞ்சாபில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். 2014-இல் இதைத் தானே வெளியிட்டார், அடுத்த வருடம் ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார், ஆனால் பெரிய எழுத்தே வராது, முற்றுப்புள்ளி தவிர வேறு குறியும் இருக்காது. தாய்மொழியான பஞ்சாபியை எழுதும் குர்முகி எழுத்தில் பெரிய எழுத்து கிடையாது, அதற்குச் செய்யும் மரியாதை அது. நமக்கும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது அல்லவா, எனக்கு அந்தப் பக்கங்கள் உடனே பழகிவிட்டன.

இது கவிதையே இல்லை, உடைத்துப் போட்ட உரைநடை என்பவர்கள் உண்டு. சில பக்கங்களில் அது உண்மைதான். ஆனால் நெஞ்சு அடைத்துக் கிடக்கும்போது உவமையைப் பிரித்துப் பார்க்கத் தெம்பு இருக்காது. 'வலிக்கிறது' என்று யாராவது நேராகச் சொன்னால் போதும் என்றிருக்கும். அந்த வேலையை இந்தப் புத்தகம் எனக்குச் செய்தது.

கொஞ்சம் தெளிந்த பிறகு வேறொன்று தேவைப்பட்டது. கல்லூரியில் படித்த குறுந்தொகையை எடுத்தேன். 126-ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. சிவகங்கைப் பக்கத்து ஒக்கூர்தான் அவர் ஊர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். 'இளமை பாரார் வளம்நசைஇச் சென்றோர்' என்று தொடங்கும் ஐந்தே வரி. நம் இளமையை நினைக்காமல் பொருள் தேடிப் போனவர் இன்னும் வரவில்லை, எங்கே அவர் என்று கேட்டு, முல்லை மொட்டுகளைப் பல்லாகக் காட்டிக் கார்காலம் சிரிக்கிறதாம். அழுகை என்ற சொல்லே அதில் இல்லை.

அதை அப்பத்தாவுக்கு வாசித்துப் பொருள் சொன்னேன். "இது எந்த வீட்டு ஆச்சி பாடுனது?" என்று கேட்டார். அவருடைய மாமியாரின் கணவர் பர்மாவுக்குக் கணக்கெழுதப் போனவர். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வருவார், மறுபடி கப்பலேறிவிடுவார். அந்த அம்மா மழை நாளில் முற்றத்துப் பக்கமே வரமாட்டாராம். இத்தனை வருடத்தில் அப்பத்தா இதைச் சொன்னதே இல்லை, அந்தப் பாட்டைக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

உங்களுக்கு இப்போது இரண்டு மாதம்தானே ஆகிறது, ரூபி கவுரிலிருந்தே தொடங்குங்கள். ஒன்று மட்டும் கவனம். முதல் பகுதியில் பாலியல் வன்முறை பற்றிய கவிதைகள் இருக்கின்றன. உங்கள் வாழ்விலும் அப்படி ஏதாவது நடந்திருந்தால் ராத்திரி தனியாக இருக்கும்போது அதைத் திறக்க வேண்டாம். பகலில், பக்கத்து அறையில் யாராவது இருக்கும்போது படியுங்கள். மூன்றாம் பகுதியில் தொடங்கினாலும் தவறில்லை.