தட்டணு 14,000... மருந்தே தராமல் அனுப்பிவிட்டார்களே!

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. சளிக்காய்ச்சல் வந்து போய் இரண்டு வாரம் கழித்து, கால்களில் சிவப்புப் புள்ளிகளும் நீலத் திட்டுகளும் வந்தன. பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 14,000தான். ஐடிபி என்று சொன்ன மருத்துவர், மருந்து தராமல் ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார். மூளையில் ரத்தம் கசியும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. இது ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ? ஸ்டீராய்டு சிரப் வாங்கி வைத்திருக்கிறோம், கொடுக்கலாமா? குளிப்பாட்டலாமா, பால் கொடுக்கலாமா?

மருத்துவர் பதில்: அந்த சிரப்பைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மருத்துவர் அலட்சியமாக இருக்கவில்லை. காய்ச்சல் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் சொந்தத் தட்டணுக்களையே அழிப்பதுதான் ஐடிபி. எலும்பு மஜ்ஜை புதிய தட்டணுக்களை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. எண்ணிக்கையில் குறைவு என்றாலும் அவை இளசானவை, பெரியவை, நன்றாக வேலை செய்பவை. அதனால்தான் 14,000 இருந்தும் பெரும்பாலான குழந்தைகள் ஓடி ஆடுகிறார்கள். பத்தில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. பலருக்குச் சில வாரங்களிலேயே.

தோலில் மட்டும் புள்ளிகளும் திட்டுகளும் உள்ள குழந்தையை, எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் மருந்தின்றிக் கண்காணிக்கலாம் என்று அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2011லேயே சொன்னது. 2019இல் வந்த வழிகாட்டுதலும் கண்காணிப்பையே முன்வைக்கிறது. ஸ்டீராய்டும், ரத்தக்குழாய் வழியே ஏற்றும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத மருந்தும் எண்ணிக்கையைக் கொஞ்ச நாளைக்கு உயர்த்தும், அதோடு சரி. ஆனால் அவற்றின் தொல்லைகளைக் குழந்தைதான் அனுபவிக்கிறது. கன்னம் உப்பி, ஓயாமல் பசித்து, ராத்திரி தூங்காமல் கத்தும் பிள்ளையைப் பெற்றோர் என்னிடம் தூக்கி வந்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். தேவைப்படும் குழந்தைக்கும் ஒரு வாரத்துக்கு மேல் தேவையில்லாத மருந்து அது. இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் கடும் தலைவலியும் வாந்தியும் வரலாம். உடனே மூளையில் கசிவோ என்று பயந்து ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியிருக்கும்.

புற்றுநோய் பயத்துக்கு வருகிறேன். வெள்ளணுக்களும் ஹீமோகுளோபினும் சரியாக இருந்து, எலும்பு வலி, நீடிக்கும் காய்ச்சல், நெறிகட்டுதல் எதுவும் இல்லாத குழந்தையிடம் நாங்கள் அதைத் தேடுவதில்லை. மஜ்ஜைப் பரிசோதனையும் வேண்டாம். உங்களிடம் உள்ள ரத்தப் பரிசோதனை அறிக்கையை மருத்துவரிடம் காட்டி 'மற்ற அணுக்கள் சரியா?' என்று கேளுங்கள், போதும். இன்னொன்று: அபூர்வமாக நோய் ரத்தப் புற்றுநோயாகவே இருந்தால், கண்டபடி கொடுக்கும் ஸ்டீராய்டு அதைக் கொஞ்ச காலம் மறைத்துவிடும். சிரப் மேல் எனக்கு இவ்வளவு கோபம் அதனால்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் அவன் கால் இல்லை, வாய். தினமும் ராத்திரி பல் துலக்கியதும் டார்ச் அடித்து உள்கன்னம், நாக்கின் அடி, அண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். கருஞ்சிவப்பாக, குன்றிமணி போலக் கொப்புளம் தெரிந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தபடி இருந்தாலோ, மூக்கை அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, அன்றைக்கே கூட்டிப் போங்கள். தோலில் புதுப்புள்ளி நூறு வந்தாலும் நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். வாயில் ஒரே ஒரு ரத்தக் கொப்புளம் வந்தால் என் முடிவு மாறும். மருந்து தேவைப்படும் கட்டம் அது.

மூளைக் கசிவு நூற்றில் ஒரு குழந்தைக்கும் குறைவாகவே வருகிறது. ஆனாலும் தலையில் அடிபட்டாலோ, தாங்க முடியாத தலைவலி, தொடர் வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம் வந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போய், வாசலிலேயே 'ஐடிபி இருக்கிறது' என்று சொல்லுங்கள். எண்ணிக்கை ஏறும் வரை சைக்கிள், மரமேறல், முட்டி மோதும் விளையாட்டு வேண்டாம். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடாது. தசையில் ஊசியும் வேண்டாம். குளிப்பாட்டலாம், பால் கொடுக்கலாம். எண்ணிக்கையைக் கூட்டும் என்று இணையத்தில் விற்கும் எதையும் வாங்காதீர்கள்.

தினமும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கவும் வேண்டாம். அடுத்த வாரம் போகும்போது, எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்கும் முன், அவன் வாயில் ஏழு நாளாக என்ன பார்த்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.