இலவச மருத்துவம் இருந்தும் குழந்தைகளுக்கு எட்டாமல் போவது ஏன்? – கேள்வி பதில்

அரசு மருத்துவமனைகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற குழந்தைகள் நல மருத்துவர் விடையளிக்கிறார்.

கேள்வி: ஐயா, வணக்கம். ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, சிகிச்சையும் இலவசம். அப்படியிருந்தும் சில குழந்தைகளுக்கு மட்டும் நல்ல மருத்துவம் ஏன் கிடைப்பதில்லை? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் சிசு இறப்பு விகிதம், அதாவது உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்களின் எண்ணிக்கை, 13; இந்திய அளவில் அது 28. கிராம சுகாதார செவிலியர்களின் உழைப்புக்கு இதில் பெரும் பங்குண்டு. ஆனால் சராசரி என்பது எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் கணக்கு; யார் விடுபட்டார்கள் என்பது அதில் தெரியாது.

தாமதம் மூன்று இடங்களில் நேர்கிறது: வீட்டில் முடிவெடுக்கும்போது, வழியில், மருத்துவமனைக்குள் சென்ற பிறகு. இவற்றில் முதலாவதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும். துணைக்கு வருபவரின் கூலியும் போய்விடும். மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். பேருந்துக் கட்டணம் வேறு. சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை என்பது உண்மைதான், ஆனால் அதைப் பெறப் போய்வரும் செலவு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் தாயை அலட்சியக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வருவதே இல்லை.

கேள்வி: அப்படியானால் எப்போது நாளை வரை காத்திருக்கவே கூடாது? (கைக்குழந்தையின் தாய், தருமபுரி)

பதில்: இருமலோ சளியோ இருந்தால், குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும் நேரத்தில் சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற அளவை மூச்சு எட்டினாலோ தாண்டினாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ள பகுதி உள்வாங்கினாலும், பால் குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே காத்திருக்கக் கூடாது. மருந்துக் கடையில் அறிகுறியைச் சொல்லி மருந்து வாங்கிக் கொடுத்துப் பார்ப்பதில் கழியும் ஓர் இரவு சில வேளை திரும்பக் கிடைக்காத இரவாகிவிடுகிறது.

கேள்வி: எங்கள் மலைக் கிராமத்துக்குச் சாலை சரியில்லை. மேல்சிகிச்சை என்றால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். (பள்ளி ஆசிரியர், ஜவ்வாது மலை)

பதில்: சாலை வரும் வரை குழந்தைகள் காத்திருக்க முடியாது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. மலையில் ஒரு செவிலியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் முதலில் நின்றுபோவது இந்த வருகைதான். ஊர் மக்கள் சேர்ந்து கேட்க வேண்டியதும் அதைத்தான். மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது குழந்தையின் உடல் சூட்டைக் காத்து, தேவைப்பட்டால் ஆக்சிஜன் கொடுத்து, போய்ச்சேரும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் முன்கூட்டியே தெரிவித்துத்தான் அனுப்ப வேண்டும். பரிந்துரைச் சீட்டை மட்டும் கையில் கொடுத்து ஏற்றிவிடுவதை நான் சிகிச்சை என்று ஏற்பதில்லை.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் உள்ளன. குடும்ப அட்டை இல்லாமல் தடுப்பூசி போடுவார்களா? (மேற்பார்வையாளர், திருப்பூர்)

பதில்: போடுவார்கள். முகவரியோ குடும்ப அட்டையோ தடையில்லை. பழைய தடுப்பூசி அட்டை இருந்தால் கொண்டு போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டாலும் அனுப்புங்கள். தடுப்பூசி நாள் புதன்கிழமை என்பதால், அன்று அரை நாள் ஊதியத்துடன் விடுப்புக் கொடுக்க உங்களால் முடியுமானால், அதுவே பெரிய உதவி. மொழி தெரிந்த ஒருவரையும் துணைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. காது கேட்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு வசதியில்லை. (தந்தை, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: மனம் தளர வேண்டாம், காலம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி (உள்காதில் பொருத்தி ஒலியை உணரச் செய்யும் கருவி) பொருத்தும் அறுவை சிகிச்சை இடம்பெற்றுள்ளது. வருமானச் சான்றையும் குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்லுங்கள்.

அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு வந்து பிறவிக் குறைகளைப் பரிசோதிக்கும் ஏற்பாடு 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் உண்டு. ஆனால் அன்று பிள்ளை வரவில்லையென்றால் அடுத்த சுற்று வரை யாரும் தேடி வராமல் போகலாம். குறை இவ்வளவு தாமதமாகத் தெரியவருவதற்கு இதுவும் ஒரு காரணம். பழியை உங்கள் மேலேயே போட்டுக்கொள்ளாதீர்கள்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் பேச்சு வந்துவிடாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கேட்கவும் பேசவும் பழக்கும் பயிற்சி குறைந்தது ஓராண்டு இடைவிடாமல் நடக்க வேண்டும். கருவி பொருத்திய பிறகு, கூலியை விட்டுவிட்டு வாரந்தோறும் நகரத்துக்கு வர முடியாமல் பயிற்சியைப் பாதியில் நிறுத்திய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே, பயிற்சி எங்கே, எந்த நாளில் என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். மகனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் வாங்கிவிடுங்கள். அது இருந்தால் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அவனுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் கிடையாது.